பின்னால் நின்று ஆட்டத்தை நடத்துபவர்கள்: பிர்லோ, அலோன்சோ, புஸ்கெட்ஸ், குரூஸ் – பாஸ் கொடுப்பதில் யார் உசத்தி?

கோத்தகிரி ஆறாம் நம்பர் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம். இன்றைக்கு ஃபேக்டரியில் இலை வரத்துக் குறைவு, சீக்கிரமே விட்டுவிட்டார்கள். ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற ஒரு கேள்வியை இங்கே இறக்கி வைக்கிறேன்.

கால்பந்தில் டிஃபென்ஸுக்குச் சற்று முன்னால் நின்று, அங்கிருந்தே மொத்த ஆட்டத்தையும் நடத்துகிற மிட்ஃபீல்டர்கள் இருக்கிறார்களே, அவர்களில் பாஸ் கொடுப்பதில் யார் உசத்தி? இத்தாலியின் பிர்லோ, ஸ்பெயினின் சாபி அலோன்சோ, புஸ்கெட்ஸ், ஜெர்மனியின் குரூஸ், இந்த நாலு பேரைத்தான் நான் ஒழுங்காகப் பார்த்திருக்கிறேன். அதனால் அவர்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பொழுது போகாமல் கேட்கவில்லை. எங்கள் ஹட்டி டீமில் ஒரு பையன் இருக்கிறான், பதினாறு வயசு. போன வருஷம் வரை பத்தாம் நம்பர், அதாவது ஸ்டிரைக்கருக்குப் பின்னால் நின்று ஆடினான். கால் நல்ல கால், ஓட்டம்தான் கொஞ்சம் மந்தம். முன்னால் நின்றால் இடி வாங்கியே பாதி ஆட்டம் போய்விடுகிறது. அதனால் இந்த வருஷம் ஆறாம் நம்பருக்கு, அதாவது டிஃபென்ஸுக்கு முன்னால், இறக்கினேன். போன வாரம் காந்தி மைதானத்தில் மேட்ச். அவனுடைய சித்தப்பா ஓரமாக உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு எண்ணினார். 44 பாஸ். அதில் 41 நம்ம ஆளுக்கே போயிருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஆட்டம் 0-2 தோல்வி, உருப்படியாக ஒரு கோல் வாய்ப்புகூட வரவில்லை. திரும்பி நடந்து வரும்போது பையன் கேட்டான்: "அண்ணா, 41 பாஸ் சரியாத்தானே குடுத்தேன், அப்புறம் ஏன் பந்து முன்னாடி போகவே இல்ல?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவனுக்கு ஒருவருடைய ஆட்டத்தை உட்காரவைத்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். என் ஓட்டு அலோன்சோவுக்கு. லிவர்பூலில் இருந்தபோது 2006-இல் மட்டும் இரண்டு தடவை தன் பாதி மைதானத்திலிருந்தே கோல் அடித்தவர், ஜனவரியில் லூட்டனுக்கு எதிராக, செப்டம்பரில் நியூகாசிலுக்கு எதிராக. அவ்வளவு தூரத்தைக் கண்ணால் அளக்கத் தெரிந்தவருக்கு நாற்பது கஜத்தில் ஓரமாக ஓடுகிற விங்கர் எம்மாத்திரம்? நீங்கள் சொல்லுங்கள்.


குன்னூர் நள்ளிரவு | ஞாயிறு இரவு 10.15

பிர்லோ. வேறு யாரும் இல்லை.

2006 உலகக்கோப்பை அரையிறுதி, டார்ட்முண்ட், ஜெர்மனி-இத்தாலி. நம் நேரத்துக்கு ராத்திரி பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஜூலை மாசம், வெளியே மழை ஊற்றுகிறது. மாமா வீட்டில் எல்லாரும் தூங்க, நானும் மாமா பையனும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவி சத்தத்தை ஒன்றில் வைத்துப் பார்த்தோம். கூடுதல் நேரத்தில் 119-ஆவது நிமிஷம். கார்னரைத் தடுத்து வெளியே தள்ளிய பந்து பாக்ஸ் ஓரத்தில் பிர்லோ காலுக்கு வந்தது. அந்த இடத்தில் எவனாக இருந்தாலும் அடித்திருப்பான். அவர் பந்தோடு மெதுவாகக் குறுக்கே நடந்தார். ஒரு டச், இன்னொரு டச். ஜெர்மன்காரர்கள் ஒவ்வொருவராக அவர் பக்கம் இழுபடுகிறார்கள். அப்புறம் கொரோஸோ இருக்கிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பாஸ். கிராஸோ நிறுத்தாமல் இடது காலால் வளைத்து அடித்தார். மாமா பையன் போட்ட கத்தலில் மாமா எழுந்து வந்துவிட்டார். திட்டவில்லை, ரீப்ளே பார்த்துவிட்டுத்தான் போனார்.

இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவரே. அந்தப் பையனுக்கு இதைக் காட்டுங்கள்.


கூடலூர் செவன்ஸ் | ஞாயிறு இரவு 10.32

நல்ல பாஸ்தான், நானும் பார்த்தேன். ஆனா கேள்வி என்ன? பின்னாடி நின்னு கொடுக்கிற பாஸ். நீங்க சொன்னது பாக்ஸ் ஓரத்துல கொடுத்தது. அந்த இடத்துல பத்தாம் நம்பரும் கொடுப்பான்.

பிர்லோவுக்கே ஓட்டுப் போடணும்னா 2001 ஏப்ரல்ல யுவென்டஸுக்கு எதிரா பிரெசியாவுக்காக ஆடுன மேட்சச் சொல்லணும். சென்டர் சர்க்கிள் பக்கத்துலருந்து தூக்கிப் போட்ட பந்து, பேஜ்ஜியோ ஓடிக்கிட்டே ஒரே டச்சுல கோல்கீப்பர் வான் டெர் சாரத் தாண்டி உள்ள தட்டிவிட்டார். ஆட்டம் 1-1. பந்து வானத்துலருந்து இறங்குது, பேஜ்ஜியோ திரும்பவே இல்ல, தோளுக்கு மேலா வாங்கறார். அதுதான் பின்னாடி நிக்கிறவனோட பாஸ்.

இன்னொண்ணு. எங்க ஊர்ல ஆளு மார்க் பண்றதுன்னா நிழல் மாதிரி ஒட்டிக்குவோம். 2010-ல மேன்செஸ்டர் யுனைடெட் பார்க் ஜி-சுங்க பிர்லோ மேல ஒட்டவெச்சாங்க. ஓல்ட் டிராஃபோர்டுல மிலான் 4-0 தோத்துது. ஒருத்தன் ஒட்டிக்கிட்டா ஆட்டமே நின்னுபோற ஆள எப்படி முதல்ல வைக்கிறது?


குன்னூர் நள்ளிரவு | ஞாயிறு இரவு 10.41

பெயரைத் தப்பாக அடித்துவிட்டேன், இரண்டு இடத்திலும் கிராஸோதான். பேஜ்ஜியோ பாஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த பிரெசியா கதையைத் தம்பிக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், கோத்தகிரி அண்ணா. பிர்லோவும் முதலில் பத்தாம் நம்பர்தான். இன்டர் அவரை 2001 தொடக்கத்தில் பிரெசியாவுக்குக் கடனாக அனுப்பியபோது அங்கே பத்தாம் நம்பர் இடத்தில் பேஜ்ஜியோ நிற்கிறார். அவரை நகர்த்த முடியுமா? கோச் மட்ஸோனே பிர்லோவை டிஃபென்ஸுக்கு முன்னால் இறக்கினார். பிறகு மிலானில் அன்செலோட்டி அதே இடத்தை நிரந்தரமாக்கினார். உங்கள் பையன் கதையும் அதே கதைதான்.


லவ்டேல் இடதுகால் | திங்கள் காலை 6.50

காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும்போது எழுதுகிறேன், கைவிரல் விறைக்கிறது. நான் குரூஸ் கட்சி.

யூரோ 2024 முதல் ஆட்டம், ஸ்காட்லாந்துக்கு எதிராக. 102 பாஸ் கொடுத்து 101 போய்ச் சேர்ந்தது. அந்த எண்ணுக்காக அவரைச் சொல்லவில்லை, கோத்தகிரி அண்ணா எண்ணில்தானே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஆட்டத்தில் அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். நடுவில் நிற்கவே இல்லை. இடது சென்டர் பேக்குக்கு (நடு டிஃபெண்டருக்கு) இடப்பக்கம் இறங்கி, கிட்டத்தட்ட லெஃப்ட் பேக் இடத்தில் நின்றார். அங்கே எதிராளி வந்து ஒட்டினால் நடு காலியாகும். வராவிட்டால் அவருக்கு மைதானம் முழுக்க வலது காலுக்கு எதிரே திறந்து கிடக்கும். கூடலூர் அண்ணா கேட்ட கேள்விக்கு இதுவே பதில்.

இன்னொன்று, 2024 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, மியூனிக், பேயர்னுக்கு எதிராகக் குரூஸின் ரியல் மாட்ரிட். வினிசியஸ் முதலில் பந்து கேட்பதுபோல் கீழே இறங்கி வருகிறார், பேயர்ன் டிஃபெண்டர் கிம் மின்-ஜே பின்னாலேயே இழுபட்டு வருகிறார். குரூஸ் கொடுக்கவில்லை. கையை நீட்டி, அங்கே ஓடு என்று காட்டுகிறார். வினிசியஸ் திரும்பி ஓட, கிம் விட்டுவந்த ஓட்டைக்குள் பந்து தரையோடு போகிறது. அந்தப் பாஸை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பந்து பாக்ஸுக்குள் நுழையும்போது வேகம் குறைந்து, வினிசியஸ் அடி வைக்கிற இடத்தில் காத்திருக்கிறதுபோல் இருக்கும். அவர் தன் ஓட்டத்தை ஒரு அடிகூட மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

பஸ் வந்துவிட்டது.


அருவங்காடு பழைய பி.டி. மாஸ்டர் | திங்கள் மதியம் 2.10

அனைவருக்கும் வணக்கம். முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன் என்ற உரிமையில் சற்று நீளமாக எழுதுகிறேன்.

கோத்தகிரித் தம்பி, நீங்கள் பாஸ் கொடுப்பவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். பாஸ் நல்லதா கெட்டதா என்பதை வாங்குபவரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். லவ்டேல் மகள் கடைசியாக எழுதிய வரி இருக்கிறதே, வினிசியஸ் தன் ஓட்டத்தை ஒரு அடிகூட மாற்றவில்லை என்று, அதில்தான் உங்கள் பையனின் 41-க்குப் பதில் இருக்கிறது.

உங்கள் பையன் நடுவில் நிற்கிறான். அவனுக்கு முன்னால் பதினைந்து கஜத்தில் எட்டாம் நம்பர், அதாவது இன்னொரு மிட்ஃபீல்டர், பக்கவாட்டாகத் திரும்பி நிற்கிறான். அவனுக்கு இரண்டு கால். ஒன்று பையனுக்குப் பக்கத்தில் இருக்கிற கால், இன்னொன்று எதிராளி கோலுக்குப் பக்கத்தில் இருக்கிற கால். பக்கத்துக் காலுக்குப் பந்து போனால் அவன் நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவதற்குள் பின்னாலிருந்து ஒருவன் முதுகில் ஏறிவிடுவான். வேறு வழியில்லாமல் பந்தைத் திருப்பி உங்கள் பையனுக்கே தருவான். சித்தப்பா நோட்டில் இரண்டு சரியான பாஸ் ஏறிவிட்டது, பந்து ஒரு கஜம் நகரவில்லை. அதே பந்து தூரத்துக் காலுக்குப் போயிருந்தால் அவன் உடம்பு தானாகத் திறந்து, முதல் டச்சிலேயே எதிராளி கோலைப் பார்த்து நிற்பான். இரண்டு பாஸுக்கும் தூரம் ஒன்றுதான், நோட்டில் கோடும் ஒன்றுதான்.

அடுத்தது வேகம். நான் பையன்களுக்குச் சொல்வது: வாய் திறக்காமல் பந்தாலேயே பேசு. உனக்குப் பின்னால் ஆள் இல்லை, திரும்பு என்று சொல்ல வேண்டுமானால் அழுத்தமாகக் கொடு. ஆள் இருக்கிறான், எனக்கே திருப்பிக் கொடு என்றால் மெதுவாகக் கொடு. வாங்குபவனுக்கு முதுகில் கண் இல்லை, உன் பந்துதான் அவனுக்குக் கண்.

இந்த இரண்டையும் ஒருவரிடம் பார்க்க வேண்டுமென்றால் நான் புஸ்கெட்ஸைத்தான் காட்டுவேன். மற்ற மூவரின் பாஸை ஒற்றை ஒற்றையாக வெட்டி எடுத்துக் காட்டலாம், கைதட்டல் வரும். புஸ்கெட்ஸின் பாஸை வெட்டி எடுத்தால் பத்து கஜத்துச் சாதாரணப் பந்துபோல் இருக்கும். அதற்கு அடுத்து மெஸ்ஸி எதிராளியின் இரண்டு வரிசைக்கு நடுவில் கோலைப் பார்த்துத் திரும்பி நிற்பாரே, அங்கே தெரியும் அந்தப் பாஸின் அருமை. ஆட்டத்தைப் பார்த்தால் புஸ்கெட்ஸ் தெரியமாட்டார், புஸ்கெட்ஸைப் பார்த்தால் ஆட்டம் முழுக்கத் தெரியும் என்று ஸ்பெயின் கோச்சாக இருந்த டெல் போஸ்கே சொன்னது சும்மா இல்லை.

அந்த மேட்சுக்கு வீடியோ இருந்தால், பாஸை எண்ணாதீர்கள். வாங்கியவன் முன்னால் திரும்பினானா என்று எண்ணிப் பாருங்கள்.


கூடலூர் செவன்ஸ் | திங்கள் மாலை 5.25

மாஸ்டர், கும்பிடறேன். ஆனா ஒரு சண்டை இருக்கு. புஸ்கெட்ஸ் பக்கத்துல சாவி, இனியெஸ்டா, முன்னாடி மெஸ்ஸி. வாங்கறவன் அப்படிப்பட்டவனா இருந்தா எந்தக் காலுக்குப் போனாலும் திரும்பிடுவான். எங்க டீம்ல வாங்கறவன் காலையில பால் ஊத்திட்டு வந்து ஆடறவன். அவனுக்கு நீளப் பந்து ஒண்ணு தூக்கிப் போட்டாத்தான் ஓடி எடுப்பான்.

நம்ம இந்தியன் சூப்பர் லீக், ஐ.எஸ்.எல். எடுத்துக்குங்க. கோவாவுலயும் மும்பை சிட்டியிலயும் ஆடுன அகமது ஜாஹு, மொராக்கோக்காரர். இந்த ஊர் ஆட்டத்துல அவர் மாதிரி பின்னாடி நின்னு குறுக்க நீளமா அடிச்சவர் யாரு? 2021 இறுதி ஆட்டத்துல மும்பையோட முதல் கோலே அவர் பிபின் சிங்குக்காகத் தூக்கிப் போட்ட பந்துதான், எதிர் டிஃபெண்டர் தலையால தடுக்கப்போய் சொந்த கோல்ல விழுந்துது. அலோன்சோ ஓட்டு தப்பில்லன்னு சொல்ல வர்றேன்.


அருவங்காடு பழைய பி.டி. மாஸ்டர் | திங்கள் இரவு 7.45

வாங்குபவன் சாதாரணமானவனாக இருந்தால்தான் கொடுப்பவன் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், தம்பி. மெஸ்ஸிக்கு அரை அடி தள்ளிக் கொடுத்தால் அவர் சமாளித்துக்கொள்வார். பால் ஊற்றிவிட்டு வருகிறவனுக்குச் சரியான காலில் வைத்தாக வேண்டும்.

ஜாஹுவைப் பற்றிச் சொன்னது உண்மை. அவர் அடிப்பதற்கு முன்னால் தலையைத் தூக்கி விங்கரைப் பார்க்கிற பார்வையையும் சேர்த்துப் பாருங்கள்.


கோவையில் இருக்கும் ஊட்டிக்காரன் | திங்கள் இரவு 10.05

நீளப் பந்து என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது ஊட்டி, இப்போது வேலை கோவையில். 2018-19-இல் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் ஜெயித்தபோது நேரு ஸ்டேடியத்தில் இருந்தவன். இரண்டு ஊரிலும் ஆடியதில் காலுக்குத் தெரிந்த ஒரு விஷயம்: மேலே அடித்த அதே அடியைக் கீழே அடித்தால் பந்து முன்னாலேயே விழுகிறது.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தை இழுத்துப் பிடிக்கிற காற்று குறைவதால் நீளமாகப் போகும், அதே காரணத்தால் வளைவும் குறையும். ஊட்டியில் வளைத்து அடிக்கப் பழகியவன் கோவைக்கு வந்தால் பந்து கூடுதலாக வளைந்து வெளியே போகும்.

மெக்சிகோ சிட்டியும் அதே 2,240 மீட்டர்தான். 1970 உலகக்கோப்பை இறுதி ஆட்டம் நம் ஊட்டி உயரத்தில்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பாருங்கள். பிரேசிலின் ஜெர்சன், இடது கால்காரர். உங்கள் நாலு பேர் பட்டியலுக்கு முன்னோடி அவர். பின்னால் குளோடோஆல்டோவை நிறுத்திவிட்டு, நடுவிலிருந்து பந்தை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது கோல் அவருடையது. மூன்றாவது கோலுக்கு அவர் தூக்கிப் போட்ட பந்தைப் பெலே தலையால் இறக்கித் தர ஜெயர்சின்யோ உள்ளே தள்ளினார். அந்தப் பந்து காற்றில் மிதந்து போகிற அழகு எனக்கு ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தின் காலை வேளையை ஞாபகப்படுத்தும்.

இன்னொரு சின்ன விஷயம், பையன்களுக்கு உதவும். மேட்டுப்பாளையத்தில் காற்றடித்த பந்தை அப்படியே மேலே கொண்டு போகாதீர்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் பந்து இறுகிவிடும். குளிர் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க ஈடுகட்டாது. இறுகிய பந்து காலில் பட்டுத் தெறிக்கும், மாஸ்டர் சொல்கிற முதல் டச்சே கெட்டுப்போகும்.


கோத்தகிரி ஆறாம் நம்பர் | செவ்வாய் இரவு 11.30

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டர் சொன்னதைச் செய்தேன். தகரக் கொட்டகை மேலே ஏறி ஒரு பையன் போனில் எடுத்த வீடியோ இருந்தது. நேற்று ராத்திரியும் இன்று ராத்திரியும் உட்கார்ந்து 41 பாஸையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன்.

29 பாஸ் சென்டர் பேக்குக்கும் இரண்டு ஓர டிஃபெண்டர்களுக்கும் போனவை. மீதி 12 முன்னால் போனவை. அந்தப் பன்னிரண்டில் ஒன்பது, வாங்குபவனின் பக்கத்துக் காலுக்கு. ஒன்பதும் திரும்பி வந்துவிட்டன. மூன்றே மூன்று தடவைதான் வாங்கியவன் முன்னால் திரும்பினான், அந்த மூன்றிலும் பந்து தூரத்துக் காலுக்குப் போயிருந்தது.

மாஸ்டர், படித்தபோது ஒத்துக்கொண்டேன், கண்ணால் பார்த்தபோதுதான் உறைத்தது. இத்தனை நாளாக நான் "குட் பாஸ்" என்று ஓரத்திலிருந்து கத்தியதெல்லாம் அந்த ஒன்பதுக்குத்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பையன் பந்து வாங்கும்போது தன் கோலைப் பார்த்தே வாங்குகிறான். பந்து காலுக்கு வந்த பிறகுதான் தலையைத் தூக்குகிறான். அப்புறம் எந்தக் காலுக்கு என்று யோசிக்க நேரம் எங்கே? முன்கூட்டியே பார்க்க எப்படிப் பழக்குவது?


லவ்டேல் இடதுகால் | புதன் காலை 6.45

அண்ணா, எங்கள் கோச் சொல்லித்தந்தது: பந்து உன்னிடம் வந்துகொண்டிருக்கும்போது பார்க்காதே, பந்து இன்னொருவன் காலிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் பார். உருண்டு வரும்போது கண் பந்து மேல் இருக்க வேண்டும். குரூஸ் ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் ஐந்து நிமிஷம் பாருங்கள், ஒரு இடத்தில் நிற்காது.


அருவங்காடு பழைய பி.டி. மாஸ்டர் | புதன் மதியம் 1.30

செலவில்லாத பயிற்சி ஒன்று சொல்கிறேன். பையனுக்குப் பின்னால் பத்து கஜத்தில் ஒரு சிறுவனை நிறுத்துங்கள். அவன் கையில் இரண்டு நிறத்தில் ஏதாவது இருக்கட்டும். பந்து பையன் காலைத் தொடுவதற்குள் அவன் பின்னால் தூக்கியிருக்கிற நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பாஸ் கொடுத்தாலும் அது கணக்கில் வராது.


குன்னூர் நள்ளிரவு | புதன் இரவு 9.00

இதைப் படித்துவிட்டு 2006 அரையிறுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். கிராஸோ இடதுகால்காரர், நிற்பதோ பாக்ஸின் வலப்பக்கம். பந்து அவர் உடம்புக்குக் குறுக்கே, இடது காலுக்குத் தோதாக வருகிறது, அதனால்தான் நிறுத்தாமல் அடிக்க முடிந்தது. இருபது வருஷமாக அந்தப் பாஸில் பிர்லோ பார்க்காமல் கொடுத்ததை மட்டும்தான் ரசித்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர், உங்களுக்குக் கோடி நன்றி.

ஆனாலும் என் ஓட்டு பிர்லோவுக்குத்தான். மிலானில் அவரோடு ஆடிய கத்தூசோ போல் பக்கத்தில் ஓடி ஓடி இடத்தைக் காப்பவர் ஒருவர் வேண்டும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.


கோத்தகிரி ஆறாம் நம்பர் | சனி இரவு 8.20

மூன்று நாள் பயிற்சி, இன்றைக்கு மேட்ச். விவரமாக எழுதுகிறேன்.

நிறத்துக்கு வெள்ளை உரச்சாக்கு ஒன்று, பச்சை வலைத்துணி ஒன்று. பின்னால் நின்று தூக்கியது பையனின் தங்கை. அவளுக்கு ஒரே உற்சாகம், பந்து கிளம்பும் நேரம் பார்த்து மாற்றி மாற்றித் தூக்கினாள். முதல் நாள் பையன் பத்தில் இரண்டுதான் சரியாகச் சொன்னான், அதுவும் பந்து காலில் பட்ட பிறகு. ஆத்திரம் வந்து பந்தை உதைத்துத் தேயிலைக்குள் அனுப்பிவிட்டான், போய்த் தேடி எடுத்து வந்தோம். மூன்றாம் நாள் தோள் தானாகத் திரும்ப ஆரம்பித்தது. நிறத்தைப் பார்க்கத் திரும்புகிற திருப்பத்திலேயே அவன் உடம்பு பாதி முன்பக்கம் வந்துவிட்டது. அதைத்தான் நான் மாசக்கணக்கில் வாயால் சொல்லிச் சொல்லித் தோற்றிருந்தேன்.

இன்றைய ஆட்டம் 1-1. எங்கள் கோல் கார்னரில் வந்தது, பையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடைவேளைக்குப் பிறகு கீழேயிருந்து பனிமூட்டம் ஏறி, முப்பது கஜத்துக்கு அப்பால் காலுறை மட்டும்தான் தெரிந்தது. தூக்கிப் போட்டால் பந்தை யாரும் பார்க்க முடியாது. அதனால் எல்லாம் தரையோடு.

ஒரு பாஸை மட்டும் சொல்கிறேன். இடது சென்டர் பேக்கிடம் பந்து. பையன் தோளுக்கு மேலாக ஒரு தடவை பார்த்தான், நான் பத்தடி தூரத்தில் நிற்கிறேன், அவன் உதடு அசைந்தது, "வெள்ளை" என்று சொல்லிக்கொள்கிற மாதிரி. பந்து வந்தது. எதிர் ஸ்டிரைக்கர் ஓடி வருகிறான். பையன் பந்தைத் தொடாமல் உடம்புக்குக் குறுக்கே உருளவிட்டு, வலது காலின் உள்பக்கத்தால் அழுத்தமாக ஒன்று வைத்தான். ஈரப் புல்லில் சீறிக்கொண்டு இரண்டு மிட்ஃபீல்டர்களுக்கு நடுவில் போய் எட்டாம் நம்பரின் தூரத்துக் காலில் ஒட்டியது. அவன் ஒரே டச்சில் திரும்பி விங்கருக்கு விட்டான், விங்கர் அடித்தது போஸ்டில் பட்டு வெளியே போனது. கோல் இல்லைதான். ஆனால் எங்கள் எட்டாம் நம்பர் திரும்பி நின்று பையனைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். இதுவரை அவன் யாருக்கும் அப்படிக் காட்டி நான் பார்த்ததில்லை.

சித்தப்பா நோட்டில் இன்றைக்கு 36 பாஸ், 28 சரி. போன வாரத்தைவிடக் குறைவு. "என்னங்க, பையன் மோசமாயிட்டானா?" என்று கவலையோடு கேட்டார். உட்காரவைத்து மாஸ்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். வாங்கியவன் முன்னால் திரும்பியது பதினொரு தடவை. இப்போது நோட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறார்.

முதல் கேள்விக்கு என் பதிலும் மாறிவிட்டது. பையனுக்குப் புஸ்கெட்ஸைக் காட்டத் தொடங்கியிருக்கிறேன், அதற்கு அடுத்து குரூஸ். அலோன்சோ மேல் மரியாதை துளியும் குறையவில்லை. கால் வலுத்து, இன்னும் இரண்டு வருஷம் கழித்து அவரிடம் வருவோம்.


கூடலூர் செவன்ஸ் | சனி இரவு 9.05

படிக்கப் படிக்க நானே ஆடுன மாதிரி இருந்துது. அடுத்த ஞாயிறு நம்ம ரெண்டு டீமுக்கும் மேட்ச் இருக்கே, மறந்துட்டீங்களா? இப்பவே சொல்லிடறேன், உங்க பையன் மேல ஒரு ஆள ஒட்டவெக்கப் போறேன். பார்க் ஜி-சுங் மாதிரி. எங்க ஆளுக்கு மூச்சு வாங்கவே வாங்காது.


லவ்டேல் இடதுகால் | சனி இரவு 9.20

கோத்தகிரி அண்ணா, அப்படியானால் பையனை இடது சென்டர் பேக்குக்குப் பக்கத்தில் இறக்குங்கள். ஒட்டுகிறவனும் கூடவே வருவான், நடு திறந்துவிடும்.


அருவங்காடு பழைய பி.டி. மாஸ்டர் | சனி இரவு 9.50

இறக்குவது சரி. ஆனால் திறந்த நடுவில் பந்தோடு ஏற ஒருவன் வேண்டும், அது சென்டர் பேக். அவனுக்குத் தலையைத் தூக்கத் தெரியுமா என்பதைத்தான் இந்த வாரம் பார்க்க வேண்டும். நானும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முதல் பஸ் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம்.


கோத்தகிரி ஆறாம் நம்பர் | சனி இரவு 10.10

வாருங்கள் மாஸ்டர், பஸ் ஸ்டாண்டில் வந்து அழைத்துக்கொள்கிறேன். நாளையிலிருந்து சென்டர் பேக்குக்கும் சாக்கு. தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன், அவள் ரெடி.

கூடலூர்த் தம்பி, ஆட்டம் காலை பத்து மணிக்கு. பந்து நீங்கள் கொண்டு வருவதாகப் பேச்சு. அங்கே காற்றடிக்க வேண்டாம், பம்ப் என்னிடம் இருக்கிறது, மேலே வந்து பார்த்துக்கொள்வோம்.